சுவருக்கு அந்தப் பக்கம் டிரில் ஓடுகிறது: விலங்கு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் பக்கம் எலிகளை வைத்து ஆய்வு நடக்கும் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்து ஆய்வுப் படிப்பு முடித்தவள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் அது அந்த ஒரு இடத்துப் பிரச்சினை என்று மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவீர்கள். ஒரு மூலிகைச் சாறு எலிகளின் கற்கும் திறனைக் கூட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து எட்டுப் பாதைகள், அவற்றில் நான்கின் முனையில் மட்டும் தீனி. நல்லபடியாக இருக்கும் எலி சில நாட்களிலேயே வெறும் பாதைகளை விட்டுவிடும், தின்று முடித்த பாதைக்கு அந்தச் சுற்றில் மறுபடி போகாது. என் எலிகளோ நடுவிலேயே உட்கார்ந்து புழுக்கை போட்டுக்கொண்டிருந்தன. மருந்து கொடுத்ததும் அப்படித்தான், ஒன்றுமே கொடுக்காத கன்ட்ரோல் எலியும் அப்படித்தான். கைடு என்னைத் திட்டினார், நான் மருந்தைத் திட்டினேன். கடைசியில் கூண்டு கழுவும் அண்ணன்தான் உமியைக் கொட்டிக்கொண்டே சொன்னார்: "பக்கத்துல டிரில்லு போட ஆரம்பிச்சதுலேர்ந்து இதுங்க சரியாவே திங்கலம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் புது பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரையும் அங்கேதான் மாற்றி வைத்திருந்தார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுமதித்த என் விண்ணப்பத்தில், அதாவது 'பி' படிவத்தில், எத்தனை எலி, என்ன எடை, எந்த அளவு மருந்து, எப்படிக் கொல்வேன் என்பது வரை இருந்தது. பக்கத்தில் என்ன சத்தம் என்று எழுத இடமே இல்லை, நீங்களும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது சின்ன விஷயமில்லை என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், பெங்களூரே போதும். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 1968இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனும் கூட்டாளிகளும், மன அழுத்தம் வந்தால் எலியின் அட்ரினல் சுரப்பி விடும் கார்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மூளைக்குள் போய் ஹிப்போகேம்பஸில் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். இடத்தையும் வழியையும் நினைவில் வைப்பது அந்தப் பகுதிதான். 1992இல் அதே ஆய்வகத்தில் எலிகளைத் தினம் ஆறு மணி நேரம் வீதம் 21 நாள் நகர முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தபோது, ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன, வெட்டிவிட்ட முருங்கை மாதிரி. அப்படி 21 நாள் அடைபட்ட ஆண் எலிகள், நான் வைத்திருந்தது மாதிரியான எட்டுப்பாதைச் சோதனையில் தடுமாறின என்று அடுத்த இரண்டாண்டில் வந்தது. சரி, இப்போது பெங்களூர். 2002இல் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு பத்தே நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் அசையவிடாமல் வைத்தது. ஹிப்போகேம்பஸில் கிளைகள் குறைந்தன. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் கூடின! கற்கிற இடம் சுருங்க, பயப்படுகிற இடம் வளர்கிறது.

பத்து நாள், இரண்டு மணி நேரம். எங்கள் பிளாக்குக்கு அஸ்திவாரம் போடவே அதைவிட எத்தனை மடங்கு ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. அடைத்து வைப்பதும் சத்தமும் ஒன்றா என்று கேட்பீர்கள், ஒன்றில்லைதான். ஆனால் தினமும் ஒரே மாதிரி வரும் தொல்லைக்கு எலி கொஞ்சம் பழகிவிடுகிறது, எப்போது எது வரும் என்று தெரியாததுதான் அதைப் படுத்துகிறது. கரண்ட் போகும் நேரத்தை மின்துறையே முன்கூட்டிச் சொல்ல முடியாத ஊரில், ஜெனரேட்டர் எந்த நிமிடம் உறுமும் என்று எலிக்கு எப்படித் தெரியும்?

கட்டட வேலை முடிந்ததும் மூன்று வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கு என்றார்கள். அது பாதிதான் சரி. 21 நாள் விட்டால் ஹிப்போகேம்பஸ் பெரும்பாலும் தேறிவிடுகிறது. ஆனால் அதே பெங்களூர்க் குழு 2004இல் பார்த்தபோது அமிக்டலாவில் கூடிய கிளைகள் 21 நாள் கழித்தும் அப்படியே இருந்தன, எலியின் பதற்றமும் குறையவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் எல்லோருமே ஆண் எலிதான் வாங்குகிறோம், அதுதான் வழக்கம். 2001இல் பெண் எலிகளை அதே 21 நாள் அடைத்துப் பார்த்தவர்களுக்கு, அவை எட்டுப்பாதையில் மோசமாகவில்லை, முன்னேறியிருந்தன. ஏன் ஆண் மட்டும் என்று ஒரு கூட்டத்திலாவது கேளுங்கள்.

வழிகாட்டு நெறிகளில் 85 டெசிபெலைத் தாண்டும் சத்தம் கேடு என்று இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் வைத்திருக்கும் மீட்டர் மனிதக் காதுக்கானது. உயர்ந்த சுருதியில் நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, எலிக்கு 80 வரை கேட்கும். திறந்துவிட்ட குழாயிலிருந்தும் பழைய கம்ப்யூட்டர் திரையிலிருந்தும்கூட நமக்குக் கேட்காத சத்தம் அதற்கு வருகிறது. "அமைதியாகத்தானே இருக்கிறது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் கூண்டு பார்க்கும் ஆட்கள். ஒப்பந்தத்தில் எடுத்து, சில மாதத்தில் மாற்றி, வேறு ஒருவரை அனுப்புகிறீர்கள். பழகிய கை போய் புதுக் கை வருவதை எலி கவனிக்கிறது. 2014இல் மான்ட்ரியாலில், அறையில் ஆண்கள் இருந்தாலே, அவர்கள் போட்ட டி-ஷர்ட் கிடந்தாலேகூட, எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுவதைக் கண்டார்கள். (இதைப் படித்துவிட்டு எங்கள் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) ஆண்களை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அன்றைக்கு எந்தக் கூண்டை யார் தொட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். ஜெனரேட்டர் ஓடிய நேரத்தையும் அதே நோட்டில் எழுதலாம். கட்டட வேலைக்கு டெண்டர் விடுமுன் விலங்குக்கூடத்தை ஒரு வார்த்தை கேட்கும்படி உங்கள் குழு நிர்வாகத்துக்கு எழுதலாம், அதற்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

இதையெல்லாம் செய்யாவிட்டால் நடப்பது என் ஆய்வில் நடந்ததுதான். அழுத்தத்தில் இருந்த எலிகளோடு அழுத்தத்தில் இருந்த எலிகளை ஒப்பிட்டு, "மருந்தால் வேறுபாடு இல்லை" என்று எழுதிப் பட்டம் வாங்கிவிட்டேன். அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எலிகளைக் கொன்றது மட்டும் தெரியும்.

அடுத்த ஆய்வுக்கூட்டத்தை ஏசி அறையில் வைக்காமல் விலங்குக்கூடத்துக்கு உள்ளே வையுங்கள். தேதியை நானே சொல்கிறேன், தீபாவளிக்கு மறுநாள். முந்தின இரவு கூண்டில் போட்ட தீனியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அண்ணனிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து வந்துபோன ஒரு முன்னாள் ஆய்வு மாணவி