நிலவியல் மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே! வராதவர்கள் அறிவிப்புப் பலகையில் படித்துக்கொள்ளலாம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை போதிய எண்ணிக்கை இல்லாமல் கலைந்தது. புதிய மாணவர் வரவேற்பு, கனிமக் கண்காட்சி, வினாடி வினா ஆகியவை குறைவின்றி நடந்தன.

இனி மலைக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் ஆளுக்கொரு கதை உலவுகிறது.

நாம் போன மலைத்தொடர் உயரத்தால் யாரையும் மிரட்டாது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போய், அடிவேர்தான் மிச்சம். பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறி, பட்டை பட்டையாக இருக்கும் நைஸ் (gneiss) என்னும் பாறை, கார்னெட் கனிம மணிகளோடு காலடியில் கிடக்கிறது. அதன் பட்டைகள் ஓடும் திசையையும் சாயும் கோணத்தையும் இடம் இடமாக அளந்து, மலையின் மடிப்பை வரைபடமாக்குவது என் திட்டம். பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். முதல் பயணத்துக்கு வந்தவர்கள் 13 பேர். இரண்டாவதற்கு ஐந்து பேர். அதில் ஒருவர் படம் எடுக்க வந்தவர்.

இரண்டாம் பயணத்தில் 41 இடங்களில் எடுத்த திசை அளவுகள் முதல் பயணத்தோடு பொருந்தவில்லை. மெய்வடக்குக்கும் ஊசி காட்டும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை நான் திசைகாட்டியில் தவறாக வைத்துவிட்டேன் என்று மன்றத்தில் முடிவு கட்டினார்கள். அப்படியானால் எல்லா அளவுகளும் ஒரே கோணம் தள்ளியிருக்க வேண்டும். இங்கே ஓரிடத்தில் பத்து பாகை, அடுத்த இடத்தில் முப்பது, சில இடங்களில் பிழையே இல்லை. இதை இரண்டு கூட்டங்களில் சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

சொந்தச் செலவில் இருவரோடு திரும்பப் போனேன். பதினேழாம் இடத்தில் திசைகாட்டியைப் பாறைமேல் வைத்தோம். மெல்ல மார்பளவுக்கு உயர்த்தியதும் ஊசி தானாகத் திரும்பியது. நூலில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிட்டோம். விரல் அகலக் கரும்பட்டை ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டது. மாக்னடைட் என்னும் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது. ஊசியைத் திருப்பியது அதுதான். 1844-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் நில அளவையாளர் வில்லியம் பர்ட்டின் ஊசியும் இப்படித்தான் தடுமாறியது. அவருடைய ஆட்கள் சுற்றித் தேடி இரும்புத்தாதைக் கண்டெடுத்தார்கள். நம் மன்றத்திலோ என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

இடுப்பில் இரும்புச் சுத்தியலைச் செருகிக்கொண்டு அளவெடுத்தவர் ஒருவரும் படங்களில் இருக்கிறார். பெயர் வேண்டாம். சாய்வுக் கோணத்தை நீர்மட்டக் குமிழை வைத்து அளப்பதால் அதற்கு ஊசி தேவையில்லை. அந்த 41 சாய்வு அளவுகளும் செல்லும் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்க்க வேண்டிய பாறைச் சீவல்கள் அதனால்தான் இன்னும் கல்லாகவே அலமாரியில் உள்ளன. வழிநடத்திய ஆசிரியர்களுக்கும், வண்டி ஓட்டியவருக்கும், வழக்கம்போல் ஆய்வக உதவியாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அந்த 41 இடங்களிலும் திசையை மறுபடி அளக்க வேண்டும். காந்த ஊசியை நம்பாமல், சூரியனின் நிழலை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் இடத்துக்கு மூன்று பேர் தேவை. நான் பதவியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவேன். மன்றத்தின் இரண்டு சுத்தியல்களும் ஒரு கைவில்லையும் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் அவற்றோடு மலைக்கு வந்துவிட்டால், இத்தனை நாள் எங்கே இருந்தன என்று யாரும் கேட்கமாட்டோம்.

செயலாளர்