தேக்கா முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் தேக்காவில் கடை நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயது, இனம், சமயம் மட்டுமல்ல, மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டியும் வேலை மறுக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் 25 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. நம் பூக்கடை, மளிகைக்கடை, மெஸ் இவற்றில் எத்தனை கடைகளில் 25 பேர் இருக்கிறார்கள்? ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களிடம் எதையும் கேட்க முடியாது. மனநோயிலிருந்து குணமாகி வருகிறவர்களுக்கும் உங்கள் கடையில் வேலை கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன், அவ்வளவுதான்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மனநலக் கழகத்தில் நல்ல சிகிச்சை கிடைத்தது, குறை சொல்ல மாட்டேன். காதில் கேட்ட குரல்கள் அடங்கின. அப்புறம்? காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் சம்பளம் வரை பேசி முடித்தார்கள்; என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று தெரிந்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள்.

பிறகு ஒரு மளிகைக்கடை முதலாளி சேர்த்துக்கொண்டார். இரவு மாத்திரையின் அசதி காலையில் போகாது என்றதும், பதினொரு மணிக்கு வரச் சொன்னார். கல்லாவில் நிறுத்தவில்லை; பின்பக்கம் பருப்பு நிறுத்துப் பொட்டலம் போடும் வேலை. தம்பிக்குக் கை லேசாக நடுங்கும், பருப்பு சிந்தும். "பாத்து, மெதுவா" என்பதோடு சரி. ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். மதியம் சாப்பிட அங்கே வேலை பார்க்கும் அக்கா கூப்பிடுவார். மருந்துக்கு அடுத்தபடி அவனைத் தேற்றியது அந்தச் சாப்பாட்டு நேரம்தான் என்பது என் கணக்கு. டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

சம்பளத்திலும் அவர் கை வைக்கவில்லை. பாவம் பார்த்து வேலை கொடுத்துவிட்டுப் பாதிச் சம்பளம் தருவது உதவி ஆகாது.

தீபாவளி நெருங்கினால்தான் நீங்கள் பகுதிநேர ஆள் தேடுவீர்கள். குணமாகி வருகிறவருக்கு முதல் வேலை அதுவாக இருக்க வேண்டாம். நெரிசல், சத்தம், நள்ளிரவு வரை நிற்பது எல்லாம் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் நோய் தலைதூக்கலாம். கூட்டம் ஓய்ந்தபின், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று தொடங்கட்டும்.

"கடையில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். பெரும்பாலும் முன்னறிகுறி தெரியும்: தூக்கமில்லாத முகம், திடீரென்று யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. குடும்பத்தில் ஒருவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனநல அமைப்புகளின் வேலைப் பயிற்றுநர்கள் ஆளைச் சேர்த்துவிட்டதோடு போய்விட மாட்டார்கள், கடைக்கே வந்து பார்ப்பார்கள். யோசனை கேட்க 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

விண்ணப்பத் தாளில் 'மனநோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அதைக் கேட்கக் கூடாதென்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2020லேயே சொல்லிவிட்டது.

அடுத்த வணிகர் கூட்டத்தில் தமிழ் பேசும் வேலைப் பயிற்றுநர் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட்டபின் கடைக்கு ஓர் ஆள் எடுக்க முடியுமா என்று அங்கேயே பேசி முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா