நாலு ஸ்ட்ரீமர், ஒரு தளம்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கோவை நண்பர்கள் கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டும் கேம் லைவுக்கென்றே தனியாக ஒரு தளம் தொடங்கப் போகிறார்கள். யூடியூபில் கூட்டம் வைத்திருக்கும் நாலு ஸ்ட்ரீமர்களை (லைவ் போடுகிறவர்களை) "இங்கே மட்டும்தான் லைவ் போட வேண்டும்" என்ற ஒப்பந்தத்தில் இழுத்துப்போட்டால் மீதி தானாக நடக்கும் என்கிறார்கள். பணம் போடலாமா என்று கேட்கிறாய். இந்த யோசனையை மைக்ரோசாஃப்டே செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உன் நண்பர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

2016 ஆகஸ்டில் பீம் என்ற சின்ன கேம் லைவ் நிறுவனத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2017 மே மாதம் அதற்கு மிக்ஸர் என்று பெயர் வைத்தது. எதிரே இருந்தது ட்விட்ச், கேம் லைவில் பெரிய கடை. அதை 2014-ல் அமேசான் 97 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ட்விட்ச்சின் உச்ச நட்சத்திரம் நிஞ்சா. 2018 மார்ச்சில் பாடகர் டிரேக்கோடு சேர்ந்து ஃபோர்ட்நைட் ஆடியபோது ஒரே நேரத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2019 ஆகஸ்ட் 1 அன்று அவர் மிக்ஸருக்குத் தாவினார். அக்டோபரில் இன்னொரு ட்விட்ச் நட்சத்திரமான ஷ்ரௌடும் வந்தார். நிஞ்சாவின் சேனலுக்கு ஒரு மாதச் சந்தா இலவசம் என்று மைக்ரோசாஃப்ட் அள்ளிவிட்டதில், ஒரு வாரத்துக்குள் பத்து லட்சம் சந்தா சேர்ந்தது. 2020 ஜூன் 22-ல் "மூடப் போகிறோம்" என்று அறிவிப்பு. ஜூலை 22-ல் மூடியே விட்டார்கள். நிஞ்சா வந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிஞ்சா வந்த பிறகு மிக்ஸரில் லைவ் போடப்பட்ட மணிநேரம் நன்றாகவே ஏறியது. பார்க்கப்பட்ட மணிநேரம் அதற்கு ஈடாக ஏறவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்துச் சின்ன ஸ்ட்ரீமர்கள் ஓடி வந்தார்கள், பார்வையாளர்கள் வரவில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் லைவில் இருப்பார் என்றே வைத்துக்கொள், மீதி பதினாறு மணி நேரம் ரசிகன் என்ன செய்வான்? ட்விட்ச்சில் லைவ் முடிகிறபோது ஸ்ட்ரீமர் தன் கூட்டத்தை அப்படியே இன்னொருவர் சேனலுக்கு அனுப்பிவிடுவார், ரெய்டு என்பார்கள். மிக்ஸரில் அப்படிக் கைமாற்றி விட நல்ல இரண்டாம் வரிசை இல்லை. இன்னொன்று, பழைய சந்தாதாரருக்குச் சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பேட்ஜ் இருக்கும், எத்தனை மாதம் கட்டியிருக்கிறான் என்று காட்டும். மூன்று வருஷ பேட்ஜ் வைத்திருப்பவன் அந்தச் சாட்டில் பெரிய மனிதன். தளம் மாறினால் அவன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அதோடு, அமேசான் பிரைம் வைத்திருப்பவனுக்கு ட்விட்ச்சில் மாதம் ஒரு சேனலுக்கு இலவசச் சந்தா உண்டு. அதை விட்டுவிட்டு அவன் ஏன் வர வேண்டும்?

தொழில்நுட்பம் மோசமா என்றால், இல்லை. அதில் மிக்ஸர்தான் ஒரு படி மேல். ட்விட்ச்சும் யூடியூபும் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பும். பிளேயர் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டும். ஆகவே சில நொடி தாமதம் இருந்தே தீரும். மிக்ஸரின் எஃப்டிஎல் என்ற அனுப்பும் முறையில் தாமதம் ஒரு நொடிக்கும் குறைவு. சாட்டில் கேள்வி கேட்டால் உடனே பதில். ஆனால் அந்த வேகத்துக்கு விலை உண்டு. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க அதிக நேரமில்லை, படம் உடையலாம். பின்னால் வரும் ஃபிரேமைப் பார்த்து முன்னதைச் சுருக்கும் பி-ஃபிரேம் வசதியை ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருளில் அணைத்து வைக்க வேண்டும். அதனால் அதே பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவில்) படம் கொஞ்சம் மங்கும். இதைவிடப் பெரிய சங்கடம் செலவில். துண்டு முறையில் போகிறது வெறும் கோப்பு என்பதால் எந்த சிடிஎன் நிறுவனமும் (பல இடங்களில் சர்வர் வைத்துக் கோப்பைப் பரிமாறும் நிறுவனம்) நகலெடுத்து வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குக் கொடுக்கும். எஃப்டிஎல் போன்ற முறையில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனி இணைப்பை சர்வர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உன் நண்பர்கள் "ஜீரோ லேக்" என்று விளம்பரப்படுத்த ஆசைப்பட்டால், இந்தச் செலவைக் கணக்கில் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பார்.

நீயே ஒரு காகிதத்தில் போட்டுப் பார். 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம், 6 மெகாபிட் என்றால் ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்க 2.7 ஜிபி. பத்தாயிரம் பேர் பார்த்தால் மணிக்கு 27 டிபி, அதாவது 27,000 ஜிபி. செல்போனில் பார்க்கிறவர்கள் அதிகம், சராசரி 2 மெகாபிட்தான் ஆகும் என்று இறக்கினாலும் 9 டிபி. ஜிபிக்கு 1 ரூபாய் என்று ஒரு கைக்கணக்கு வை (அவர்கள் பேரம் பேசி வாங்கிய உண்மை விலையை அங்கே மாற்றிக்கொள்), மணிக்கு 9,000 ரூபாய். வருமானப் பக்கம்: ஆளுக்கு மணிக்கு ஆறு விளம்பரம், ஆயிரம் விளம்பரத்துக்கு 60 ரூபாய் என்று பிடித்தால் 3,600 ரூபாய். ஸ்ட்ரீமருக்கு ஒரு பைசா கொடுக்கும் முன்பே மணிக்கு 5,400 ரூபாய் நஷ்டம். ஆள் எவ்வளவு பிரபலமோ அவ்வளவு வேகமாகப் பணம் கரையும். சூப்பர் சாட் (பணம் கட்டிச் சாட்டில் போடும் செய்தி), சந்தா மாதிரி நேரடிப் பணம் இந்த ஓட்டையை அடைத்தால்தான் தளம் பிழைக்கும். நாலு பேரில் யாருக்கு எவ்வளவு நேரடிப் பணம் வருகிறது என்பதுதான் கேள்வி, சப்ஸ்கிரைபர் எத்தனை லட்சம் என்பது அல்ல.

"கிக் என்ற லைவ் தளம் மட்டும் எப்படிச் செய்கிறது?" என்று கேட்பாய். சந்தாவில் 95 சதவீதம் ஸ்ட்ரீமருக்கு, 5 சதவீதம் தளத்துக்கு என்று வந்தது கிக். 4.99 டாலர் சந்தாவில் தளத்துக்கு 25 சென்ட். அமெரிக்காவில் சிறு வணிகர்களிடம் கார்டுக்குப் பிடிக்கிற வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். அதுவே 44 சென்ட் ஆகிறது. பேரம் பேசிக் குறைத்திருப்பார்கள் என்றாலும், சந்தாவில் லாபம் பார்க்கும் கடை அது இல்லை என்பது தெரிகிறது. கிக்கின் பின்னால் இருப்பவர்கள் ஸ்டேக் என்ற ஆன்லைன் சூதாட்டத் தளத்தின் உரிமையாளர்கள். 2022 செப்டம்பரில் ட்விட்ச், ஸ்டேக் உட்படச் சில சூதாட்டத் தளங்களின் லைவைத் தடை செய்வதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கிக் முளைத்துவிட்டது. லைவ் தளம் அவர்களுக்கு விளம்பரச் செலவு. 2023 ஜூனில் எக்ஸ்க்யூசி என்ற ஸ்ட்ரீமரோடு இரண்டு வருஷத்துக்குச் சுமார் 7 கோடி டாலர், ஊக்கத்தொகையோடு 10 கோடி வரை போகும் என்று செய்தி வந்த ஒப்பந்தம் போட்டார்கள். அவ்வளவு கொடுத்தும் "இங்கே மட்டும்" என்ற நிபந்தனை அதில் இல்லை! வேடிக்கை என்னவென்றால், கிக் ஓடுவது அமேசானின் ஐவிஎஸ் சேவையில். அது ட்விட்ச்சின் வீடியோ நுட்பத்தையே வாடகைக்கு விடும் சேவை. இரண்டு கடையும் போட்டி போட, வாடகை ஒரே வீட்டுக்காரருக்குப் போகிறது.

இங்கே அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. ரம்மி ஆப் ஸ்பான்சர் வருவார் என்று அவர்களுடைய திட்ட அறிக்கையில் ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு மீதியைக் கூட்டிப் பார்.

ட்விட்ச் சும்மா இருந்ததா? சந்தாவில் 70 சதவீதம் ஸ்ட்ரீமருக்கு, 30 தனக்கு என்ற 70-30 பங்கைப் பெரிய ஸ்ட்ரீமர்களுக்கு இரகசியமாகக் கொடுத்து வந்தது, மற்றவர்களுக்கு 50-50. 2021-ல் யூடியூப் டாக்டர் லூப்போ, டிம் த டாட்மேன், லுட்விக் என்று ட்விட்ச் நட்சத்திரங்களை வரிசையாக அள்ளியது. ட்விட்ச் எல்லோருக்கும் எதிர்விலை கொடுக்கப் போகவில்லை. மாறாக 2022-ல், சலுகைப் பங்கு முதல் ஒரு லட்சம் டாலர் வரைதான் என்று கட்டுப்பாடு போட்டது, அமல் 2023 ஜூனில். 2024 ஜனவரியில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, சந்தாக்களுக்குக் கிடைக்கும் புள்ளி 100 தொடர்ந்து வைத்திருந்தால் 60-40, 300 என்றால் 70-30 என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஏணி ஒன்றை அறிவித்தது. அதைவிட முக்கியம் 2023 அக்டோபர் அறிவிப்பு: ட்விட்ச்சில் லைவ் போடும்போதே வேறு எந்தத் தளத்திலும் சேர்த்துப் போடலாம். ட்விட்ச்சில் தரம் குறையக்கூடாது, அங்கே வந்தவனை வேறு தளத்துக்கு லிங்க் கொடுத்து இழுக்கக்கூடாது, அவ்வளவுதான் முக்கிய நிபந்தனை. அன்றோடு "இங்கே மட்டும்" ஒப்பந்தத்தின் மவுசு போய்விட்டது. உன் நண்பர்கள் வாங்க நினைப்பது, பெரிய கடைகளே கைவிட்ட சரக்கு.

கூட்டம் இடம் மாறவே மாறாதா என்றால், கொரியாவில் மாறியது. அங்கே நெட்வொர்க் கட்டணம் பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று ட்விட்ச் சொன்னது. 2022 செப்டம்பரில் தரத்தை 720பி-க்கு இறக்கினார்கள். அந்த ஆண்டு இறுதியில் பழைய லைவைத் திரும்பப் பார்க்கும் வசதியையும் நிறுத்தினார்கள். எதுவும் போதாமல் 2024 பிப்ரவரி 27-ல் கடையையே மூடினார்கள். கொரிய இணைய நிறுவனமான நேவர், சிஜிஜிக் என்ற தளத்தின் பீட்டாவை (சோதனை வடிவத்தை) 2023 டிசம்பரிலேயே திறந்து வைத்துக் காத்திருந்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம் பார்: ட்விட்ச்சில் எத்தனை மாதம் சந்தா கட்டியிருந்தாயோ, அதை இங்கே அப்படியே ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மேலே சொன்னேனே பேட்ஜ், அது பூஜ்யமாகவில்லை. அங்கே இருந்த பழைய லைவ் தளமான அஃப்ரிகா டிவி (இப்போது சூப்) இன்னொரு வழியில் செலவைச் சமாளித்து வந்தது. உயர்தரத்தில் பார்க்கிறவரின் கணினியே பக்கத்து ஆளுக்கு வீடியோவைக் கொஞ்சம் பகிரும், சர்வர் சுமை குறையும். நம் ஊரில் செல்போன் டேட்டாவில் பார்க்கிறவனிடம் அதைச் செய்தால் திட்டுத்தான் விழும்.

ஆக, பழைய இடம் மூடி, எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டிய நிலை வந்தால் கூட்டம் மாறும். யூடியூப் நம் ஊரில் மூடப் போவதில்லை. தமிழ் கேம் சேனல்கள் அங்கே இருப்பதற்குக் காரணமும் சாதாரணமானது: லைவ் முடிந்த பிறகும் வீடியோ தேடலில் வருகிறது, ஷார்ட்ஸ் வெட்டிப் போடலாம், பார்க்கிறவனுக்குப் புது ஆப் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் தொடங்கத்தான் போகிறார்கள் என்றால், சில மாற்றங்களைக் கேள். தனி ஒப்பந்தம் வேண்டாம். யூடியூபோடு சேர்த்தே இங்கேயும் போடட்டும். ஸ்ட்ரீமருக்குப் பெரிய வேலை இல்லை, ஓபிஎஸ்ஸில் மல்டிபிள் ஆர்டிஎம்பி என்ற பிளக்-இன் (கூடுதல் வசதி) ஒன்று போட்டால் ஒரே என்கோடிங்கை (சுருக்கிய வீடியோவை) இரண்டு இடத்துக்கு அனுப்பும், கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சுமை கூடாது. கூடுவது அப்லோடு. 6 மெகாபிட் இரண்டு என்றால் 12. வீட்டில் மற்றவர்களும் இருப்பார்கள், 20 மெகாபிட் நிலையான அப்லோடு இல்லாமல் இறங்க வேண்டாம். கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்) 2 நொடிக்கு ஒன்று, பிட்ரேட் சிபிஆர் (ஏறி இறங்காமல் ஒரே அளவு). படம் திக்கினால் ஓபிஎஸ் புள்ளிவிவர ஜன்னலைப் பார்க்கச் சொல்: "நெட்வொர்க்" வரியில் ஃபிரேம் விழுந்தால் அப்லோடு பிரச்சினை, பிட்ரேட்டைக் குறை, "என்கோடிங்" வரியில் விழுந்தால் என்கோடர் பிரீசெட்டை வேகமானதாக மாற்று, "ரெண்டரிங்" என்றால் கிராஃபிக்ஸ் கார்டைக் கேமே முழுசாகத் தின்கிறது, கேமின் ஃபிரேம் ரேட்டுக்கு உச்சவரம்பு வை. போனிலிருந்தே லைவ் போடுகிறவர்களுக்கு 720பி, 30 ஃபிரேம், 2.5 மெகாபிட்டுக்கு மேல் போனால் சூடேறிக் கேமே திக்கும்.

நாலு பேரிடமும் ஸ்கிரீன்ஷாட் வாங்காதே. யூடியூப் ஸ்டூடியோவைப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து பார். உச்ச எண்ணிக்கை வேண்டாம், ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் சராசரி, திரும்பி வரும் பார்வையாளர் பங்கு, மாதச் சூப்பர் சாட் தொகை, இந்த மூன்று போதும். ஐயாயிரம் பேர் பார்க்கும் லைவில் ஒரு மணி நேரத்தில் சாட்டில் இருபது பெயர்தான் தெரிகிறது என்றால், அந்த ஐயாயிரத்தில் பாட் (ஆள் இல்லாத போலிப் பார்வையாளர்) எத்தனை என்று சந்தேகப்படு. எல்லோரும் ஒரே கேம் ஆடுகிறவர்களா என்றும் பார். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து காணாமல் போய் 2023 மே மாதம்தான் திரும்பியது. நாலு பேரும் ஒரே கேம் என்றால் ஒரு அரசாணையில் தளம் காலி.

ஸ்ட்ரீமருக்குத் தரும் பணத்தை மொத்தமாகத் தர வேண்டாம். அவர் லைவ் முடித்த அரை மணி நேரத்துக்குப் பிறகும் தளத்தில் எத்தனை பேர் வேறு சேனலில் இருக்கிறார்கள் என்று அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு பங்கைத் தரச் சொல். முதல் மூன்று மாதம் அந்த எண் ஏறவில்லை என்றால் நாலாவது மாதம் நீ பணம் போடக் கூடாது.

அவர்களுடைய செலவுக் கணக்கு ஷீட்டை, குறிப்பாக சிடிஎன் விலை எழுதிய பக்கத்தை, எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அம்மாவையும் தேவியையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு