எலி எத்தனை முறை அழுத்தியது என்று பார்க்கும் முன்

விலங்காய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருளை எலி தானே ஏற்றிக்கொள்ளும் சோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பங்களில் மருந்து, டோஸ், எலிகளின் எண்ணிக்கை எல்லாம் விரிவாக இருக்கும். எலி எங்கே இருக்கும், யாரோடு இருக்கும், அரைவயிறா முழுவயிறா என்பதெல்லாம் ‘வழக்கமான கூண்டு, 12 மணி நேர வெளிச்சம்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். அந்த வரியை விரித்து எழுதச் சொல்லுங்கள். முடிவைப் புரட்டிப் போடக்கூடிய விஷயங்கள் அதற்குள் இருக்கின்றன.

துறை சாராத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக: கழுத்துச் சிரையில் பொருத்திய மெல்லிய குழாய் முதுகு வழியாக வெளியே வந்து பம்போடு இணையும். ஒரு லீவரை அழுத்தினால் மருந்து இறங்கும். பக்கத்து லீவரில் ஒன்றும் நடக்காது. அந்தச் சும்மா லீவரின் கணக்கு இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். கோகெயின் எலியைப் பரபரக்க வைக்கும். அந்தப் பரபரப்பில் அது எதையும் அழுத்தும்.

அழுத்தல் கூடினால் ஆசை கூடிவிட்டது என்று படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. டோஸுக்கு எதிராக அழுத்தலை வரைந்தால் கவிழ்த்த கிண்ணம்போல வரும். மிகக் குறைந்த டோஸை எலி சட்டை செய்யாது. டோஸ் ஏற அழுத்தலும் ஏறும். உச்சத்தைத் தாண்டினால், ஒவ்வொரு முறையும் நிறைய மருந்து கிடைப்பதால், அழுத்தல் குறையும். ஆகவே ஒரே டோஸை வைத்துக்கொண்டு ‘எங்கள் சிகிச்சை அழுத்தலைக் குறைத்தது’ என்றால், போதையின் பிடி தளர்ந்ததா இறுகியதா என்றே தெரியாது. குறைந்தது மூன்று வெவ்வேறு டோஸ் அளவுகளில் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறை மருந்து கிடைக்கவும் முந்தையதைவிட அதிகமாக அழுத்தவேண்டிய சோதனையும் உடன் வேண்டும்; மருந்துக்காக எலி எவ்வளவு பாடுபடும் என்பதை அது காட்டும்.

எடையையும் கவனியுங்கள். 300 கிராம் எலிக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் ஒரு முறைக்கு 0.15 மில்லிகிராம். எலி 400 கிராமுக்கு வளர்ந்த பிறகும் கரைசலை மாற்றாவிட்டால் டோஸ் கிலோவுக்கு 0.375 ஆகச் சரிந்துவிடும். அதை ஈடுகட்ட எலி கூடுதலாக அழுத்தும். ‘பழக்கம் முற்றுகிறது’ என்று கட்டுரை வரும். உண்மையான முற்றலும் உண்டு. அகமது, கூப் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் காட்டியதுபோல, நாளுக்கு 1 மணி நேரம் கோகெயின் கிடைத்த எலிகள் எடுத்துக்கொண்ட அளவு நிலையாக நின்றது. 6 மணி நேரம் கிடைத்தவை எடுத்துக்கொண்ட அளவு ஏறிக்கொண்டே போனது. அதனால் ஒரு அமர்வு எத்தனை மணி நேரம் என்பதும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

இனி கூண்டு. எலியைத் தனியாக அடைத்து வைப்பது பெரும்பாலும் வசதிக்காகத்தான்: கூட இருக்கும் எலி குழாயைக் கடித்துவிடும். முதுகில் உலோக மூடி போட்ட இணைப்பு வைத்தாலோ, நடுவே துளையிட்ட தடுப்பு போட்டாலோ துணையோடு வைக்கலாம். லீவர் பழக்குவதற்காக உணவைக் குறைப்பதும் வழக்கம். பசித்த எலி மருந்தையும் கூடுதலாக எடுக்கும். பழக்கிய பின் வயிறார உணவு தருவார்களா, எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள்.

வேறு எதுவும் கிடைக்காத பெட்டியில் மருந்தை எடுத்தது என்பதற்கு எவ்வளவு மதிப்பு? 2007-இல் பிரான்சின் போர்டோவில் கோகெயினா சாக்கரின் இனிப்புநீரா என்று தேர்வு தந்தபோது 94 விழுக்காடு எலிகள் இனிப்புநீர்ப் பக்கம் போயின. 2018-இல் வென்னிரோ குழுவினர் மெத்தாம்ஃபெடமினுக்கு எதிரே இன்னொரு எலியின் துணையை வைத்தார்கள்; எலிகள் துணையையே தேர்ந்தன.

இடமும் மருந்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. சீகல் 1982-இல் வெளியிட்ட சோதனையில், ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய டோஸை வழக்கமான இடத்தில் தந்தபோது சுமார் 32 விழுக்காடும், வேறு இடத்தில் தந்தபோது 64 விழுக்காடும் இறந்தன. ரோமில் பதியானி குழு கண்டது இன்னும் விசித்திரம்: வசிக்கும் கூண்டிலேயே சோதித்தால் ஹெராயின் கூடுதலாக எடுக்கின்றன, சோதனைக்கென்று வேறு பெட்டிக்குக் கொண்டுபோனால் கோகெயினை.

இதைச் சொன்னதும் யாராவது ‘எலிப் பூங்கா’வை இழுப்பார்கள். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலையில் புரூஸ் அலெக்சாண்டர் 1970-களின் இறுதியில் செய்தது அது: விசாலமான இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலிகள், தனிக்கூண்டு எலிகளைவிட மார்பினைக் குறைவாகக் குடித்தன. நல்ல கேள்விதான். ஆனால் அங்கே எலிகள் சர்க்கரை கலந்த கசப்பு மார்பினைக் குடித்தன, சிரை வழியாக ஏற்றிக்கொள்ளவில்லை. 1996-இல் பெட்ரி மறுபடி செய்தபோது அதே முடிவு வரவும் இல்லை. சூழலே எல்லாம் என்று அதை வைத்து வாதாடும் விண்ணப்பத்தையும் அப்படியே ஏற்காதீர்கள்.

கடைசியாகக் குழாய். அடைத்துக்கொண்டால் எலி முதலில் வெறிகொண்டு அழுத்தும், பிறகு கைவிடும். தாளில் அது ‘குணமான’ எலியாகத் தெரியும். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த உப்புநீரால் கழுவ வேண்டும். மெத்தோஹெக்சிட்டால் போன்ற, சிறிது நேரமே வேலை செய்யும் மயக்கமருந்தை அந்தக் குழாய் வழியாகச் செலுத்தினால் சில நொடிகளில் எலி துவள வேண்டும். துவளாவிட்டால் குழாய் சரியில்லை. எந்த நாள்களில் இந்தச் சோதனை, தேறாத எலியின் தரவில் எதை நீக்குவார்கள் என்பதை அனுமதி தருவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இத்துறை ஆய்வாளர்கள் சிலர்