ஹார்லியைக் காப்பாற்றியது வரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தொழில் பக்கத்தில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் கம்பனியான ஹார்லி டேவிட்சன் பற்றிய கட்டுரையைப் படித்தோம். ஜப்பான் மோட்டார் சைக்கிள்களுக்கு அமெரிக்க அரசு வரி போட்டதால்தான் அந்தக் கம்பனி பிழைத்தது என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டீர்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டி வாழ்கிற எங்களுக்கு அந்த வசனம் நோகிறது.

1983 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் வரி போட்டது உண்மை. 700 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 4.4 வீதமாக இருந்தது 49.4 வீதமானது. ஆண்டுக்காண்டு குறைந்து ஐந்தாண்டில் முடியும் ஏற்பாடு அது. ஜப்பான்காரர் சும்மா இருக்கவில்லை. எஞ்சினை 700 சீசீக்குச் சற்றுக் கீழே இறக்கி, வரி படாமல் விற்றார்கள். ஹொண்டாவுக்கும் கவசாகிக்கும் அமெரிக்காவிலேயே தொழிற்சாலைகள் இருந்தன. காலம் முடியுமுன், 1987இல், இந்த வரி இனி வேண்டாம் என்று கேட்டதே ஹார்லிதான். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏன் எழுதவில்லை?

நோய் இருந்த இடம் வேறு. 1969இல் விளையாட்டுப் பொருட்கள் செய்துவந்த ஏஎம்எஃப் நிறுவனம் ஹார்லியை வாங்கி உற்பத்தியை வேகமாகக் கூட்டியது. தரம் பார்க்கும் வேலை பின்தங்கியது. அந்தக் கால ஹார்லியின் ஷவல்ஹெட் எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போதாததற்கு, ஹெட் சிலிண்டரோடும், சிலிண்டர் அடியிலுள்ள கிராங் கேஸ் பெட்டியோடும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருந்தன. சூடேறி ஆறும் ஒவ்வொரு தடவையும் இடையில் கசிவைத் தடுக்கும் கஸ்கட் அரைபடும், ஒயில் கசியும். 1984 மொடல்களில் வந்த எவொலூஷன் எஞ்சினில் சிலிண்டரும் அலுமினியம், உள்ளே இரும்புக் குழாயான லைனர். கிராங் கேஸிலிருந்து ஹெட் வரை ஓடும் நீளமான மரைக் கம்பிகளான ஸ்டட்கள், சிலிண்டருக்கு நான்காக, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கின. அந்த எஞ்சின் வேலை ஏஎம்எஃப் காலத்திலேயே தொடங்கியது என்பதையும் சொல்வதுதான் நியாயம்.

நல்ல எஞ்சின் வரைந்தால் மட்டும் தரம் வராது. 1981இல் 13 நிர்வாகிகள் கடன்பட்டுக் கம்பனியை வாங்கினார்கள். ஒஹையோவில் மேரிஸ்வில்லில் இருந்த ஹொண்டா தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தார்கள். பாகங்களைக் களஞ்சியத்தில் குவித்து வைப்பதை விட்டு, தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு செய்யும் முறைக்கு மாறினார்கள். குவியல் இருந்தால் துளை பிழைத்த பாகங்கள் அதற்குள் ஒளிந்துகிடக்கும். இல்லையென்றால் முதல் பிழையிலேயே வேலை நின்று காட்டிக்கொடுக்கும். மெஷினில் நிற்பவரே இடைக்கிடை சில பாகங்களை அளந்து, சராசரியையும் கூடிய குறைந்த அளவுகளின் இடைவெளியையும் தாளில் புள்ளியிட்டார். புள்ளிகள் ஒரே பக்கமாக நகர்ந்தால், அளவு எல்லை தாண்டுமுன்பே வெட்டும் டூலை மாற்றலாம். கம்பனியைத் தூக்கி நிறுத்திய இந்தக் கைகளுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

2020இல் நம் நாட்டிலும் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தடையைவிடப் பெரிய வரி உண்டா? மட்டக்களப்பு, கல்முனைக் கராஜ்களில் அதனால் வேலையின் தரம் ஏறியதா? பழைய வண்டியின் விலைதான் ஏறியது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று அதன் முகத்தில் நேர்விளிம்பை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பவர் இன்னும் குறைவு. பல சிறிய எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் கஸ்கட் நிற்பது கஷ்டம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று கட்டமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கசிவடைக்கும் பேஸ்ட்டை அள்ளிப் பூசுகிறார்கள். பூசச் சொல்லி நீங்களே முன்பு ஒரு குறிப்புப் போட்டீர்கள். மிஞ்சிய பேஸ்ட் உள்ளே உரிந்து ஒயில் வழியை அடைத்தால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் காய்ந்து தேயும். உங்கள் குறிப்பை மறுத்து நாங்கள் எழுதிய கடிதம் வெளிவரவேயில்லை. புது வண்டி விலைகளுக்கு வாராவாரம் முழுப் பக்கம் இருக்கிறது, வண்டி திருத்துபவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. இத்தனை காலம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறோம் ஐயா.

1987இல் வரியை வேண்டாம் என்றது கம்பனியே என்ற திருத்தத்தை அடுத்த இதழில், அதே பக்கத்தில், தயவுசெய்து போடுங்கள். ஹெட் நட் இறுக்கும் ஒழுங்கையும் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டியில் போட்டால், வேலை பழகும் பொடியன்மார் வெட்டிக் கராஜ் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள்,
கல்முனை.