அம்மாவின் ரிப்போர்ட் பற்றி

பாப்பா,

அம்மாவின் நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் 'கேஐ-67 நாற்பது சதவீதம்' என்று பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் நீ அழுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் பயாப்ஸி பிளாக் வெட்டிய கை இது. மெழுகில் பதித்த சதையை மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, ஸ்லைடில் ஏற்றி ஸ்டெயின் போட்டால், தேடுகிற புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். கேஐ-67, பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் அறிவித்தது. ஊர்ப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும், அந்தப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி கிடைத்த ஆய்வுத்தட்டுக் குழியின் எண்ணும்தான் அந்தப் பெயர். நூறு புற்றுசெல்லில் நாற்பது பழுப்பு என்று அர்த்தம். கட்டி வேகமாக வளர்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு எத்தனை மாதம் என்று அந்த எண்ணில் எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுக்கு அதை வைத்து மருந்து முடிவு செய்வதும் இல்லை.

புற்றுசெல்லின் மேல் இருக்கும் பிடி-எல்1 என்ற புரதம் அறுபது சதவீதம், ஐம்பதைத் தாண்டினால் உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி போடலாமே, உடனே போடச் சொல்லுங்கள் என்கிறாய். நீ படித்தது சரிதான். ஆனால் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அம்மா பீடி சிகரெட் தொட்டதே இல்லை. அப்படிப்பட்ட பெண்களிடம் அந்த மரபணு மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்துவிட்டால், பிடி-எல்1 எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஊசி பெரிதாகக் கேட்காது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஆசிமெர்டினிப் மாத்திரைதான், தினம் ஒன்று. அவசரப்பட்டு ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு அந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரலில் அழற்சி வரும் ஆபத்து கூடும். டாக்டர் ஒரு வாரம் பொறுக்கச் சொல்வது இதற்காகத்தான், அலட்சியத்தால் இல்லை.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் அம்மாவின் ஸ்லைடைக் காட்டினார். எத்தனை ஆயிரம் பேருடையதை எண்ணை மட்டும் பார்த்துக் கடந்திருக்கிறேன்! இதில் ஒரு நிமிஷத்துக்கு மேல் கண் வைக்க முடியவில்லை, பாப்பா.

ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும். வந்த நிமிஷமே உனக்கு அனுப்புகிறேன். அதுவரை அம்மாவிடம் சதவீதம் எதையும் எடுக்காதே. இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டாள். நீ தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி குளிருக்குத் தாங்கியதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன் செய்யும்போது அதைச் சொல்.

அப்பா