சங்கத்தின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த முதலாளிமார்களே, சிறு தோல் பதனிடும் தொழிலில் இருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. இஃப்தார் நிகழ்ச்சியும் தொழிலாளர் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

விரிவாகச் சொல்ல வேண்டியது நீரில்லா குரோம் பதனிடல், அதாவது தண்ணீர் சேர்க்காமல் குரோமிய உப்பால் தோலைப் பதனிடுவது பற்றி. பழைய முறையில், தோலைச் சுழற்றிப் பதனிடும் ட்ரம்மில் நாம் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதியும் நம் காசில் வாங்கியதுதான். அது கழிவுநீரோடு போகிறது, அதைச் சுத்திகரிக்கவும் நாமே பணம் கட்டுகிறோம். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில் உப்பும் அமிலமும் போட்டு ஊறவைக்கும் பிக்கிள் இல்லை, பிறகு காரம் சேர்க்கும் பேசிஃபிகேஷன் இல்லை, பதனிடும்போது தண்ணீரும் சேர்ப்பதில்லை. குரோமியம் 15 முதல் 20 சதவீதம் மிச்சமாகும், அந்தக் கட்டத்துக் கழிவுநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 20 சதவீதம் குறையும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சுத்திகரிப்பு நிலையத்தில் மலைபோல் சேரும் உப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த நிறுவனம் நமக்குப் புதிதல்ல. அது 1948இல் தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் பலர் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். 1958 முதல் 1971 வரை இயக்குநராக இருந்த நாயுடம்மா, ஆராய்ச்சி டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், வர வேண்டும் என்று உழைத்தவர். 1970களில் அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியது. அப்போது முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறியவர்கள் தலையெடுத்தார்கள். அதற்கான பயிற்சியும் படித்த டெக்னீஷியன்களும் பெரும்பாலும் அடையாறிலிருந்து கிடைத்தன. 1996இல் தோல் ஆலைக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து தொழிலே நின்றுவிடுமோ என்றிருந்த நாட்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தொழில்நுட்ப உதவி அங்கிருந்து வந்தது.

பெரிய நிறுவனங்கள் சொந்தமாக டெக்னீஷியன் வைத்துப் புது முறையை ஓட்டிப் பார்த்துவிடும். பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டு ஜாப் ஒர்க் செய்யும் நாம் தனியாக ஒரு லோடை வைத்துச் சோதிக்க முடியாது. தோல் கெட்டால் சரக்குக்காரருக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் பொதுவில் ஒரு சோதனை ட்ரம் வாடகைக்கு எடுத்து, செலவைப் பங்கிட்டு, அடையாறு வல்லுநர்களின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம் என்று திட்டமிட்டேன். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொண்டீர்கள். பணம் கேட்டுப் போனபோது சிலரே கொடுத்தார்கள். அடையாறு பயிற்சிக்கு ஏற்பாடு செய்த வேனில் பாதி இருக்கை காலி. வந்த இளைஞர்கள் திரும்பும் வழியெல்லாம் ட்ரம்மைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். வராதவர்களில் சிலர் பிறகு என்னிடம், “அந்த ஃபார்முலாவை ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள் பாய்” என்றார்கள். பேப்பரில் வாங்கினால் போதாது. எந்தத் தோலுக்கு எவ்வளவு நேரம் ஓட்டுவது, குரோம் உள்ளே இறங்கியதா என்று எப்போது வெட்டிப் பார்ப்பது என்பதை ட்ரம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் கை வரும்.

வரவு செலவு தணிக்கை முடிந்து பொருளாளரிடம் உள்ளது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். சந்தா பாக்கி முழுவதும் வந்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. இரண்டு, மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

தலைவர், செயற்குழுவினர், தணிக்கையாளர், அலுவலகப் பணியாளர், இடம் கொடுத்த மண்டப உரிமையாளர் ஆகியோருக்கு நன்றி.

அடுத்த ஆண்டு ட்ரம் சோதனை நடக்குமா என்று கேட்கிறார்கள். இப்போதிருக்கும் இருப்பில் நடக்காது. பாக்கி வைத்திருப்பவர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் கட்டினால் வாடகைக்கும் ரசாயனத்துக்கும் போதும். பயிற்சிக்குப் பிள்ளைகளின் பெயர் கொடுக்க விரும்புவோரும் அன்றே தரலாம். ரசீதுப் புத்தகம் என்னிடம் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்